மரியாதை தெரியாத விசைப்பலகை

என் வலது கைக்கு என்மேல் மரியாதை போய் வெகு நாளாகிறது. சும்மா மடியில் கிட என்றால் கிடக்காது, தானாக ஆடும். காப்பித் தம்ளரை எடுத்தால் பாதியைச் சேலைக்குக் கொடுத்துவிட்டு மீதியைத்தான் வாய்க்குக் கொண்டுவரும். சேலத்து டாக்டர் இதற்கு நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார். சொல்லிவிட்டு, பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நடுங்குவது எனக்குத் தெரியாதா? அதைக் கேட்கவா மலையிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்? மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

காப்பி போனால் போகட்டும், எழுத்து போனதுதான் தாங்க முடியவில்லை. நான் கணக்கு டீச்சர். கொல்லிமலை அரசுப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வருஷங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். படித்தவர்களில் நாலைந்து பேர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அப்படியானால் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தைரியம் வந்து இரண்டாவது புத்தகத்துக்கு உட்கார்ந்தேன். அது பாதியில் இருக்கும்போது கை ஆட ஆரம்பித்தது.

கணினியில் நான் தட்டுவது தமிழ்99 முறையில். ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் பயிற்சி என்று கூட்டிவைத்து, போண்டாவும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் வலது கைப் பக்கம். அதில் ஒரு வசதி உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' வரும். நல்ல கைக்கு இது வரம். என் கையோ ஒரு தட்டு தட்டு என்றால் இரண்டு தட்டு தட்டுகிற கை. 'கடை' என்று நினைத்துக்கொண்டு தட்டுவேன், திரையில் 'கட்டை' நிற்கும். 'தலைமையாசிரியர் குடையோடு வந்தார்' என்று தட்டினால் 'குட்டையோடு வந்தார்' என்று வரும். அவர் உண்மையிலேயே குட்டைதான், ஆனாலும் அந்த இடத்தில் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு பக்கம் தட்டி அதைத் திருத்தி முடிப்பதற்குள் மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிடும்.

பேனாவால் எழுதலாமே என்பார்கள். எழுதிப் பார்த்தேன். இந்த வியாதியில் கையெழுத்து சுருங்கிப்போகும். வரியின் தொடக்கத்தில் ஆளாக இருக்கிற எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பாகிவிடும். போனிடம் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். எங்கள் வீட்டில் சிக்னல் வருவது மிளகு காயப்போடுகிற களத்தின் ஒரு மூலையில் மட்டும். அங்கே வெயிலில் நின்றுகொண்டு, குரலும் முன்போல இல்லாததால் கத்திக் கத்தி ஒரு அத்தியாயம் சொன்னேன். சொல்லி முடித்துப் பார்த்தால் நான் யாரையெல்லாம் திட்டினேனோ அங்கெல்லாம் அந்தப் போன் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தது. ஒரு பக்கத்தில் அத்தனை நட்சத்திரம். ஊர்க்காரர்களும் வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் முன்வந்தார். "நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சுத் தாரேன் டீச்சர்" என்றார்.

இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வேலை உத்தரவு இந்த மலைக்கு வந்தபோது, சீக்கிரம் மாறுதல் கிடைக்க வேண்டும் என்று என் அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாள். நானோ இந்த மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதியில் மிளகுத் தோட்டக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து வாசலில் பார்த்தபோது என்னை டீச்சர் என்றார். தாலி கட்டிய அன்றும் டீச்சர்தான், இன்றைக்கும் டீச்சர்தான். அவர் வாயிலிருந்து யாரையும் நீ என்று வந்து நான் கேட்டதில்லை. வழியில் படுத்திருக்கிற ஆட்டிடம் "செத்த தள்ளுங்க சாமி" என்பார். கடிக்க வந்த நாயிடம்கூட "ஏனுங்க, நான் உங்கள என்ன பண்ணுனேன்?" என்று கேட்டவர். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் புத்தகத்தை ஒப்படைத்தேன்.

வேலை நன்றாகத்தான் நடந்ததாக நினைத்தேன். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்வேன். அவர் மேசையில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறுகிற முறையில் ஒற்றை விரலால் தட்டுவார். கோழி கொத்துகிற மாதிரி ஒரு எழுத்து, அப்புறம் ஒரு யோசனை, அப்புறம் ஒரு எழுத்து. "ஆச்சுங்க, அடுத்ததுங்க?" என்பார். சில இடங்களில் யோசனை கொஞ்சம் நீளமாக இருக்கும். எழுத்தைத் தேடுகிறார் என்று விட்டுவிடுவேன். முடித்த அத்தியாயத்தை அவரே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவார். நான் படித்துப் பார்ப்பதில்லை. விடைத்தாள் திருத்தித் திருத்தி, எழுதிய எதையும் மறுபடி படிப்பதென்றாலே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

ஒருநாள் பதிப்பகத்தில் என் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் கூப்பிட்டாள்.

"டீச்சர், உடம்பு எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. அத்தியாயம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சர்." கொஞ்சம் இழுத்தாள். "ரொம்ப அமைதியா இருக்கு. நீங்க யாரையுமே ஒண்ணும் சொல்லலையே. அதான் உடம்பு ரொம்ப முடியலையோன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டுக் களத்திலிருந்து நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகிவிட்டது. 'அந்தக் கூறுகெட்ட அதிகாரி' என்று நான் சொன்னவர் 'மதிப்பிற்குரிய அதிகாரி' ஆகியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஆத்திரம் வந்தால் மூதி என்று திட்டுவோம். நான் மூதி என்று சொன்ன இடத்திலெல்லாம் 'அன்பர்' இருந்தார். பள்ளிக் கட்டடத்துக்கு வந்த சிமெண்டை அந்த அன்பர் திருடி விற்றுக்கொண்டிருந்தார். இன்னொரு வேடிக்கை. இந்தப் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆகாது. போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். மலை வேலை பிடிக்காமல், ஒரு மழைநாளில் 'நான் போகிறேன்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அறிவியல் வாத்தியாரைப் பற்றி ஒரு அத்தியாயம் சொல்லியிருந்தேன். கணினியில் அவர் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு ஓடினார். புத்தகம் முடிகிறவரை அவர் வரவே இல்லை. படிக்கிறவர்கள் அவருக்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அது வட்டத்தைப் பற்றிய அத்தியாயம். கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் வட்டம் போடுவேன். அது எனக்கு ஒரு கர்வம். புதிதாக வருகிற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். ஓய்வு பெறுகிற வருஷம் ஒருநாள் சாக்பீஸைச் சுழற்றினேன், வட்டம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். முட்டை வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அத்தனை பிள்ளைகளும் எனக்காகச் சும்மா இருந்தார்கள், அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு இப்படி முடித்திருந்தேன்: 'இது கையோடு நிற்கிற வியாதி இல்லை. இனிமேல் என்னென்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.'

திரையில் இருந்தது இது: 'வட்டம் அழகாக வந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.'

அவர் களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு இந்த மலைப் பேச்சு மறந்து திருநெல்வேலி வந்துவிடும்.

"என்னத்த எழுதி வச்சிருக்கிய? நான் சொன்ன வரி எங்க?"

"எந்த வரிங்க டீச்சர்?"

"தெரியாத மாதிரி கேக்காதிய. பயமா இருக்குன்னு சொன்னேம்லா, அந்த வரி!"

அவர் மிளகைக் கிளறுவதை நிறுத்திவிட்டார். தலை நிமிரவில்லை. "அத எப்பிடிங்க நான் அடிக்கறது? எழுத்துல வந்துட்டாப் பலிச்சுருமுங்க" என்றார்.

"வட்டம் அழகா வந்துச்சுன்னு எழுதுனியளே, அது பலிச்சுதா?"

அவர் மறுபடி மிளகைக் கிளறத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் என்மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் என் புத்தகத்தில் என் வாய் இல்லாமல் போனால், அப்புறம் அது எதற்கு? கை போகட்டும், குரல் போகட்டும், நான் கோபக்காரி என்பதும் பயந்தாங்கொள்ளி என்பதும் என்னுடையவை. அதையும் விட்டுக்கொடுக்க முடியாது. இடது கையும் லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. விரலில் சத்து இருக்கும்போதே நானே தட்டி இந்தப் புத்தகத்தை முடிப்பது, முடியாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் "சரிங்க டீச்சர்" என்றார்.

முதலில் ஒரு தனி கீபோர்டு வேண்டும். மடிக்கணினியில் இருப்பது குழந்தைப் பல் மாதிரி நெருக்கமாக இருக்கிறது. அவர் பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டுபோன நாளில் நானும் இறங்கினேன். அவரைச் சந்தையில் விட்டுவிட்டுச் சேந்தமங்கலம் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறினேன். பெரிய விசைகளாக, தமிழ் எழுத்துப் போட்டது இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தமிழ் போட்டதெல்லாம் யாருங்க கேக்கறாங்க? இங்கிலீஷ்ல அடிச்சாத் தமிழ் வந்துருதுங்களே."

"தமிழ்ல திட்டுறதுக்கு நான் எதுக்கு இங்கிலீஷ்ல அடிக்கணும்?" என்றேன்.

அவர் உள்ளே போனார். பெரிய விசைகள் உள்ள ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். தமிழ் எழுத்தை எழுதி ஒட்டுவதற்கு வெள்ளைத் தாள் ஒட்டிகளும் வாங்கிக்கொண்டேன்.

விசைப்பலகை அமைப்பை நாமே வேண்டியபடி செய்துகொள்ள இலவச மென்பொருள் உண்டு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று நாம் சொன்னால் அது கேட்டுக்கொள்ளும். இந்த வீட்டில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட முதல் ஆள் அதுதான். களத்து மூலையில் போனை நட்டுவைத்து அந்த மென்பொருளை இறக்கினேன். முதல் வேலையாக அந்த இரட்டைத் தட்டுப் புள்ளியை ஒழித்தேன். புள்ளி வேண்டுமென்றால் இனி நான்தான் வைப்பேன், தானாக ஒன்றும் வரக்கூடாது. அடுத்தது, ஒரு விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வர வேண்டும் என்று கணினியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைப் போட்டேன். நடுக்கத்தில் பட்டுவிட்டுப் போகிற தட்டையெல்லாம் அது கண்டுகொள்ளாது.

இரண்டும் செய்தும் பக்கத்து விசையில் விரல் சறுக்குவது நிற்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஒன்றுவிட்டு ஒன்று விசைகளைச் சாகடித்துவிடுவது. ஒரு விசை வேலை செய்யும், அதன் பக்கத்து விசை என்ன தட்டினாலும் ஊமை. அப்படிச் செய்தால் பாதி விசைகள்தான் மிஞ்சும், அதில் தமிழ் அத்தனையும் அடங்காது. அதனால் பலகைக்கு மாடி கட்டினேன். அடிக்கடி வருகிற எழுத்துகள் எல்லாம் தரைத்தளத்தில். மற்றவை மாடியில். இடது கைப் பக்கம் ஒரு பெரிய விசையை ஒரு முறை தட்டினால் மாடிக்குப் போகலாம், ஒரு எழுத்து தட்டியதும் தானாகக் கீழே வந்துவிடும்.

எந்த எழுத்துக்கு எங்கே இடம் என்பதில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு பிரிக்கிற அளவுக்கு அரசியல் நடந்தது. என் முதல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எது அதிகம் வருகிறது என்று பார்த்தேன். 'த'வும் 'க'வும் 'ன'வும் 'உ'வும் கேட்காமலே முன்வரிசைக்கு வந்தன. 'ஔ'வை மாடியின் கடைசி மூலையில் போட்டேன். நான் ஔடதம் என்று எழுதப்போவதில்லை, மாத்திரை என்றுதான் எழுதுவேன். 'ங'வைக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று அவரிடம் கேட்டேன். "அது இல்லீன்னா எப்பிடிங்க பேசறது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கீழேயே வைத்தேன். 'ஸ', 'ஜ' வகையறாக்கள் மாடிக்குப் போயின. பஸ்ஸில் ஏற மட்டும் மாடிக்குப் போய் வர வேண்டும்.

ஒரு விசைக்கு ஒரு எழுத்துத்தான் என்று இல்லை, முழுச் சொல்லையே கொடுக்கலாம் என்பதை நடுவில் கண்டுபிடித்தேன். ஓரத்தில் ஒரு விசை மிச்சமிருந்தது. அதற்கு 'மூதி' என்று கொடுத்தேன். ஒரு அழுத்து, முழுச் சொல். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். கணினியில் எல்லாவற்றுக்கும் முதன்மையாக என் புது அமைப்பையே வைத்து, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் ஆங்கிலத்தில். நான் எதைத் தட்டினாலும் பாதி விசை ஊமை, மீதி தமிழ். வீட்டுக்குப் புதுப்பூட்டு வாங்கிச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். எனக்கே ஓரத்து விசையைத் தட்ட வேண்டியிருந்தது. திரையின் ஓரத்தில் மொழியை மாற்ற ஒரு சின்ன இடம் இருப்பது வெகு நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

எழுத்து ஒட்டிகளை அவர்தான் எழுதி ஒட்டினார். என் கையெழுத்தில் எழுதினால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். குண்டு குண்டாக அழகாக எழுதிக்கொண்டு வந்தவர் ஓரத்து விசை வந்ததும் நிமிர்ந்தார். "இது என்னதுங்க டீச்சர்?"

"அதுதான் உங்க அன்பர்."

அவர் அதற்கு மட்டும் ஒட்டியில் எதையும் எழுதவில்லை. வெறுமனே விட்டுவிட்டார். எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை. ஊமை விசைகள் ஒன்றும் எழுதாவிட்டாலும் அவற்றில் விரல் போய் விழுந்து, அங்கிருந்து தடவித் தடவி நல்ல விசைக்கு வர வேண்டியிருந்தது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் சாய்ந்து, அறுத்த பலகை கொட்டகையில் கிடந்தது. ஒருநாள் பார்த்தால் அதில் ஒரு துண்டை இழைத்து, செம்மேட்டில் யாரிடமோ டிரில்லிங் மிஷின் இரவல் வாங்கி வந்து, கீபோர்டின் மேல் கவிழ்த்துகிற மாதிரி ஒரு மூடி செய்துகொண்டிருந்தார். ஊமை விசைகள் மூடியிருக்கும், வேலை செய்கிற விசைகளுக்கு மேல் மட்டும் ஓட்டை. கையை மரத்தின் மேலேயே வைத்துக்கொள்ளலாம், விரல் ஓட்டைக்குள் இறங்கினால்தான் விசை.

யோசனை எனக்குத் தோன்றாமல் போனதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட இருந்தது. பலகையைப் பூட்டிவிட்டுத் தட்டிப் பார்த்தேன். பழைய ரகளையேதான். என் விரல் ஓட்டைக்குள் இறங்கி உள்ளே நின்று ஆடியது. அப்புறம்தான் புரிந்தது. மனிதர் தன் விரலை அளவு வைத்து ஓட்டை போட்டிருக்கிறார். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல் அது. அந்த ஓட்டையில் என் விரல் இரண்டு போகும்.

"யாருக்கு கீபோர்டு? உங்களுக்கா எனக்கா?" என்று கேட்டேன்.

"கோட்ட உட்டுட்டனுங்க" என்று தலையைச் சொறிந்தார். அடுத்த பலகையைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்து, அளவெடுக்க என் விரலைக் கேட்டார். கொடுத்தேன். அளவெடுக்க அது நின்றால்தானே? பென்சிலை எங்கே வைத்தாலும் விரல் வேறெங்கோ இருந்தது. மாத்திரையின் பலம் ஓய்ந்துபோகிற நேரம் வேறு. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் விரலைப் பார்த்து, "ஆடாதீங்க கண்ணு, ஒரு நிமிசம்" என்றார். அது கேட்டதாக நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஆனால் அவர் பிடிக்குள் இருந்தபோது ஆட்டம் குறைந்தது உண்மைதான். சட்டென்று கோடு போட்டுக்கொண்டார்.

இரண்டாவது பலகை சரியாக அமைந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விளிம்பெல்லாம் மழமழவென்று செய்திருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் இறங்கி, அழுத்தி, காத்திருந்து, ஏற வேண்டும். நத்தை வேகம்தான். ஆனால் 'கடை' என்று தட்டினால் கடை வந்தது. தலைமையாசிரியர் குடையோடு வந்தார். முதலிலிருந்து எல்லா அத்தியாயங்களையும் மறுபடி தட்டினேன். அறிவியல் வாத்தியார் இந்த முறை ஒழுங்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சிமெண்ட் திருடிய அன்பரை ஓரத்து விசையால் கவனித்துக்கொண்டேன். அனுப்பிய அத்தியாயங்களைப் பார்த்துவிட்டுப் பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டு, "டீச்சர், உடம்பு தேவலையா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

வட்டத்து அத்தியாயத்துக்கு வந்தபோது மழைக்காலம். ஒரு மத்தியானம், வெளியே மூட்டமாக இருந்தது. அவர் தோட்டத்துக்குப் போக முடியாமல் எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையைத் தட்டினேன். முட்டையைத் தட்டினேன். சிரிக்காத பிள்ளைகளைத் தட்டினேன். பின்னால் கயிறு திரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று தொடர்ந்தேன். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று அவசரத்தில் தட்டுகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக இறங்கி, அழுத்தி, காத்திருந்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தேன்.

அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பலிச்சுரும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"இதுல எப்பிடிங்க அடிக்கறது?" என்றார்.

"எதுக்கு? அழிக்கவா?"

"இல்லீங்க. ஒரு வார்த்தை."

நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். அவர் குனிந்து ஆள்காட்டி விரலை ஓட்டையில் வைத்தார். விரல் இறங்கவில்லை. என் அளவுக்குப் போட்ட ஓட்டை. சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார், அது இறங்கியது. தட்டினார், ஒன்றும் வரவில்லை. "அழுத்திப் பிடிங்க, அவசரப்பட்டா வராது" என்றேன். அழுத்திப் பிடித்தார். தானே எழுதி ஒட்டிய எழுத்துகளைக் குனிந்து தேடித் தேடி, சுண்டுவிரலால் ஒவ்வொன்றாக இறக்கினார். மாடிக்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. நான் உதவி செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் காட்டுப்பன்றி வந்து கிழங்கையெல்லாம் தோண்டிப்போட்டபோதும், மழை பெய்யாமல் மிளகு கருகியபோதும், டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோதும் அவர் வாயிலிருந்து பயம் என்று ஒரு சொல் வந்ததில்லை. 

அவர் நிமிர்ந்தபோது திரையில் என் வரிக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது.

'எனக்கும்.'

"இது உங்க பொஸ்தகம்" என்றார். "வேண்டாமுன்னா எடுத்துருங்க டீச்சர்."

"இருக்கட்டும்" என்றேன்.